மூப்பருக்கு நிக்கும் மருமவனுக்கு

வா மருமவனே, வா. அந்த நாற்காலியில இருந்திராத, ஒரு காலு ஆடும். கமிட்டிக்கு நிக்கவன் மாமன் வீட்டுல விழுந்தான்னு பேரு வந்திரப்படாது. நார்க்கட்டில்ல இரு. கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லிட்டேன். ஒங்கம்மை நேத்தே வந்துட்டுப் போயிட்டா. "அண்ணே, புள்ள மூப்பருக்கு நிக்கான், நாலு வார்த்தை நல்லதாச் சொல்லி அனுப்பு"ன்னா. நாலு வார்த்தை சொல்லிருவேன். நல்லதா இல்லையான்னு நீதான் கேட்டுட்டுச் சொல்லணும்.

நோட்டீஸ் பாத்தேன். நல்ல வழவழன்னு இருக்கு, மீன் மடிக்கக் கூட ஆகாது. ஒன் படம் பெருசா, பின்னால நம்ம கோயில் கோபுரம் சின்னதா. "எளிமையின் சிகரமே"ன்னு கீழ எழுத்து. எளிமைக்கு நாலு கலரா மருமவனே? ஒரே கலர்ல அடிச்சா எளிமை தெரியாமப் போயிருமோன்னு பயந்துட்ட போல.

இன்னொண்ணும் பாத்தேன், சொன்னாக் கோவப்படாத. படத்துல தலை கன்னங்கரேல்னு இருக்கு. போன ஆலய பிரதிஷ்டைக்கு நீ மும்பையில இருந்து வந்தப்போ காதுப் பக்கம் நல்ல வெள்ளை. ஊர்ல எவனும் எதுக்கும் டை அடிச்சிட்டுப் போட்டும். மூப்பருக்கு ஓட்டுக் கேக்கவன் நரையை மறைக்கான்னா, அது இளநீர் விக்கவன் காயைச் சாக்குப் போட்டு மூடுன கதைதான்.

சட்டப் புத்தகத்துல கமிட்டி அங்கத்தினர்னு என்னமோ நீளமா இருக்கும். நம்ம ஊருப் பழைய ஆளுக வாயில அது மூப்பர்தான். வேதத்துலயும் அதான் சொல்லு. அந்தச் சொல்லு பட்ட பாட்டைக் கேளு. கிரேக்கத்துல பிரெஸ்பிட்டரோஸ்னா மூத்தவன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில படிக்கானே என் பேரன், அவன் சொன்னது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை பொறந்தப்போ, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்னு வேற வேற பந்தியில சாப்பிட்டவன் எல்லாம் ஒரே பந்தியில உக்காந்தான். பேராயருக்குக் கீழ, டீக்கனுக்கு மேல இருக்க ஐயருக்கு வச்ச பேரு பிரெஸ்பிட்டர். ஆக, நம்ம ஐயருதான் சட்டப்படி மூப்பர். அவ்வொளுக்கு வயசு இருபத்தெட்டு. மீசையை வைக்கவா எடுக்கவான்னு போன மாசம் எங்கிட்டதான் யோசனை கேட்டாவ. எனக்கு எழுபத்தொம்பது. நான் ஆட்டுக்குட்டி. அதுல ஒண்ணும் தப்பில்ல. எளவட்டம்னு ஒன்னைய எவனும் லேசா நினைக்க விடாதன்னு பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரு. வயசு ஆனவன் எல்லாம் மூப்பன் இல்லங்கதுக்கு நம்ம ஊரு ஆலமரத்து மூட்டுல சீட்டு ஆடுத நாலு பேரே போதும்.

இப்ப நான் ஒனக்குப் புத்தி சொல்ல ஆதாரம் கேப்ப. இருக்கு. மூப்பர் ஏற்பாட்டையே ஒரு மாமன்தான் மருமவனுக்குச் சொல்லிக் குடுத்தாரு. யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம் எடுத்துப் பாரு. மோசே காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒத்தையில உக்காந்து வழக்குத் தீக்காரு. சனம் வரிசையில நிக்கி. மாமனார் எத்திரோ விருந்துக்கு வந்தவரு, ஒரு நாள் பூரா பாத்துக்கிட்டே இருந்துட்டுச் சொன்னாரு: இது ஆவாது மருமவனே, நீயும் செத்துருவ, சனமும் செத்துரும். ஆயிரம் பேருக்கு ஒருத்தன், நூறு பேருக்கு ஒருத்தன், அம்பதுக்கு ஒருத்தன், பத்துக்கு ஒருத்தன்னு வையி. ஆளு எப்படி இருக்கணும்? தெறமை இருக்கணும், தேவனுக்குப் பயப்படணும், உண்மை பேசணும், துட்டாசையைக் கண்டாலே வெறுக்கணும். சொல்லிட்டு மாமனாரு தன் ஊரைப் பாக்கப் போயிட்டாரு. கமிட்டியில தனக்கு ஒரு எடம் கேக்கல பாரு, அதுதான் எனக்கு அவர்கிட்டப் பிடிச்சது.

எகிப்துல இருந்து பொறப்பட்ட ஆம்பளைக ஆறு லட்சம்னு வேதக் கணக்கு. மளிகைக் கடை வச்சவன்தானே நீ, போடு கணக்கை. ஆயிரத்துக்கு ஒருத்தன்னா 600 பேரு. நூத்துக்கு ஒருத்தன்னா 6,000. அம்பதுக்கு ஒருத்தன்னா 12,000. பத்துக்கு ஒருத்தன்னா 60,000. கூட்டினா 78,600 மூப்பனுக. அதுல அறுபதாயிரம் பேரும் பத்தே பத்துப் பேரைப் பாத்துக்கிட்டவன். பேரு தெரியாது, படம் கிடையாது. நம்ம சபையில தேர்தலுக்கு நிக்க பதினேழு பேரும் அந்த அறுநூறுல எடம் புடிக்கத்தான் நிக்கியோ. பத்துக்கு ஒருத்தன் வேலை காலியாத்தான் கெடக்கு. அதுக்கு எவனும் நோட்டீஸ் அடிச்சு நான் பாக்கல.

காப்பி வந்துட்டு, குடி. சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொன்னாரா? அப்பம் பாதி குடி.

மூப்பர் எப்படி நடக்கணும்னு நீயே சொல்லிருக்க, நோட்டீஸ்ல மூணாவது வரி: "சபையைக் கண்காணித்து." அடடா. வேதத்துல மூப்பருக்கு இன்னொரு பேரு கண்காணி. நம்ம தாத்தாமாருக்கு அந்தப் பேரு நல்லாத் தெரியும். இலங்கைத் தோட்டத்துக்கு ஆளு சேத்துக் கொண்டு போனாம்லா, அவனுக்கும் கண்காணின்னுதான் பேரு. கோட்டு, தலைப்பாகை, கக்கத்துல குடை. தலைக்கு இவ்வளவுன்னு துரைகிட்டத் துட்டு வாங்குவான். முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போன ஆளு அவன்கிட்டப் பட்ட கடன் பேரன் காலத்துலயும் தீராது. வேதத்துல சொன்னது அந்தக் கண்காணி இல்ல. பேதுரு தெளிவா எழுதிட்டாரு, கட்டாயத்துக்கும் செய்யாத, துட்டுக்கும் செய்யாத, மந்தை மேல துரைத்தனமும் பண்ணாதன்னு. ஆனா சொல்லு ஒண்ணா இருக்கதால, நம்ம ஆளுக பல பேரு பேதுருவைப் படிச்சிட்டுத் தோட்டத்துக் கண்காணியா நடக்கான். நீ குடை வாங்கியிருக்கியா?

சரி, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின பட்டியலைப் பாப்போம். நம்ம ஆளுக அந்தப் பட்டியலை வாசிக்க விதமே தனி. "ஒரே மனைவி"ங்க எடத்துல எல்லாரும் நெஞ்சை நிமித்துவான். அதுக்கு அடுத்தாப்ல குடிக்காதவன், அடிக்காதவன், சண்டைக்காரன் இல்ல, பண ஆசை இல்லன்னு வரும்போது கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சிருவான். தன் வீட்டை நல்லா நடத்துகவனா இருக்கணும்னும் இருக்கு. வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான்னு நியாயமான கேள்வி. ஒன் வீட்டை யாரு நடத்துகான்னு எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். எம் மருமவளை நிறுத்தினா நான் கண்ணை மூடிட்டு ஓட்டுப் போட்டிருப்பேன்.

கடைசியில ஒண்ணு இருக்கு பாரு, அதுலதான் பாதிப் பேரு தட்டுவான். வெளியில இருக்கவன் வாயால நல்ல பேரு எடுத்திருக்கணும். சபைக்குள்ள இல்ல, வெளியில. நம்ம முக்குல டீக்கடை வச்சிருக்கவரு அம்மன் கோயில் கொடைக்கு முதல் வரி குடுக்கவரு. அவருதான் வெளியாளு. போய்க் கேளு: "அண்ணாச்சி, நான் சபையில மூப்பரா வரலாமா?"ன்னு. அவரு டீயை ஆத்திக்கிட்டே கடன் நோட்டைப் பாப்பாரு. பாத்துட்டுச் சிரிச்சா ஒரு அர்த்தம், பாக்காமச் சிரிச்சா இன்னொரு அர்த்தம். நான் போன வாரம் கேட்டேன். என்ன சொன்னாருன்னு இப்பச் சொல்ல மாட்டேன்.

நீ மும்பையில பதினெட்டு வருசம் இருந்துட்டு வந்தவன். அங்க தாராவியில கஷ்டப்பட்டு கடை போட்டு, ரெண்டு தங்கச்சியைக் கட்டிக் குடுத்து, இங்க வீடும் கட்டிட்ட. அதுல எனக்குப் பெருமைதான், வெளியில சொல்ல மாட்டேன். ஆனா துட்டு இருக்கவனுக்கு ஒரு தனித் தொந்தரவு உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்துல பாத்தேனே. ஒரு எலுமிச்சங்கா. அஞ்சு ரூவாயில ஆரம்பிச்சுது. நீ நூறுன்ன. மேலத்தெரு தம்பி ஐநூறுன்னான். எலுமிச்சங்கா அங்க இல்லவே இல்ல, ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கியோ. நாலாயிரத்து எரநூறுல முடிஞ்சுது. கோயிலுக்குத் துட்டு வந்துச்சு, சந்தோசம். ஏலம் விட்ட கோயில்பிள்ளை அப்புறம் எங்கிட்ட வந்து, "மாமா, அந்தக் காய் அழுகல், கொண்டு வச்ச பாட்டிக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியாது"ன்னான். அந்தப் பாட்டி வீடு எதுன்னு ஒனக்குத் தெரியுமா? கீழ முடுக்குல கடைசி. கதவுக்குப் பதிலா ஓலைப் படல். நீ நாலாயிரத்து எரநூறுக்கு எடுத்த காய் அது. அவ வீட்டுல நீ நாலு நிமிசம் நின்னது இல்ல.

கோவிச்சுக்கிட்டுக் காப்பியை வச்சிராத. நானும் அப்படித்தான் இருந்தேன். ரெண்டு தடவை கமிட்டியில இருந்தேன். ஒரு கூட்டம் பூரா மைக்செட்டு வாடகைக்கா சொந்தமான்னு பேசினோம். இன்னொரு கூட்டம், அசனப் பண்டிகைக்குக் கத்தரிக்காய்க் கூட்டா சாம்பாரா. அதுல ஒருத்தரு வெளிநடப்பு செஞ்சாரு. சாம்பார்னு முடிவானதும் திரும்பி வந்துட்டாரு. அந்த வருசம் கீழத்தெருவுல ஒரு குடும்பம் ஆறு மாசமாக் கோயிலுக்கு வரல. ஏன்னு கேக்கணும்னு எங்க ஒருத்தனுக்கும் தோணல. அதை அஜெண்டாவுல போடல, அதான் காரணம்.

அரசரடியில படிக்க என் பேரன் சொல்லுவான், ஜெனீவாங்க ஊர்ல சபைச் சீர்திருத்தம் பண்ணின கால்வின் 1541-ல சட்டம் எழுதினப்போ சபை வேலையை நாலாப் பிரிச்சாராம்: போதகர், போதனாசிரியர், மூப்பர், டீக்கன். மூப்பர் பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரையும் ஊர் கவுன்சில்கள்ல இருந்துதான் எடுத்தாங்களாம். அங்கயும் கவுன்சிலருதானான்னு கேட்டேன், பேரன் சிரிச்சிட்டான். வியாழக்கிழமை தோறும் போதகர்மாரோட கூடுவாங்க. யாரு பிரசங்கத்துக்கு வரல, யாரு பொண்டாட்டியோட சண்டை, யாரு ஆட்டம் போட்டான்னு கூப்பிட்டு விசாரிப்பாங்க. எனக்கு அது அவ்வளவாப் பிடிக்கல. போலீஸ் ஸ்டேசன் மாதிரி இருக்கு. ஆனாலும் ஒரு விசயம் ஒத்துக்கிடணும், யாரு வரலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது.

ஸ்காட்லாந்துக்காரன் அதையே வேற மாதிரி செஞ்சான். சென்னை எழும்பூர்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் இருக்குல்லா, 1821-ல தொறந்தது, அந்த வழி. அவங்க ஊர்ல ராப்போஜனத்துக்கு முந்தி ஈயத்துல வில்லை அடிச்சு வச்சிருப்பாங்க. மூப்பர் தன் பகுதி ஆளுகளைப் பாத்து, சண்டை சச்சரவு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, தகுதி இருக்கவனுக்கு ஒரு வில்லை. பந்திக்கு வரும்போது அதைக் குடுத்துட்டு உக்காரணும். ரேசன் டோக்கன் மாதிரின்னு வச்சுக்கோயேன்.

நம்ம ஊர்ல ஈயவில்லை கிடையாது. உப்பு இருந்துது. அந்தக் கதையைக் கேளு, ஒங்கம்மைக்குக் கூடத் தெரியாது, அவ அப்பம் தொட்டில்ல கெடந்தா.

எங்கப்பாவுக்கும் எங்க பெரியப்பாவுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. ரெண்டு வருசம். என்ன காரணம்? பொதுக் கெணத்துல கமலை முறை. ஒரு நாள் எறைப்பு. அவ்வளவுதான். ஒரே சுவருக்கு ரெண்டு பக்கம் குடியிருக்கோம், அடுப்பு மணம் கூட இங்கிட்டு அங்கிட்டு வரும், பேச்சு வராது. அப்பம் ஒரு மூப்பர் இருந்தாவ. பனையேறி. விடியுமுன்ன முப்பது பனை ஏறி எறங்கி, விடிலியில கருப்பட்டி காய்ச்சுகதுக்குப் பதனியை எறக்கி வச்சிட்டுத்தான் கோயில் மணிக்கு வருவாவ. நெஞ்சுல மரம் உரசி உரசித் தோலு தடிச்சுப் போயிருக்கும். எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பாவ. ஜெபம் பண்ணச் சொன்னா ரெண்டு நிமிசத்துல முடிச்சிருவாவ. நோட்டீஸ் அடிச்சிருந்தா ஒரு ஓட்டு விழுந்திருக்காது.

ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை. வெளக்கு வைக்க நேரம். பனையோலைப் பட்டை ஒண்ணைக் கையில புடிச்சுக்கிட்டு எங்க வீட்டு நடையில வந்து நின்னாவ. "கஞ்சி இருக்கா?"ன்னாவ. அம்மை பதறிப் போயிட்டா, மூப்பரு பசியோட வந்துருக்காவன்னு. பட்டை நெறய ஊத்தினா. கையில வாங்கிட்டுக் குடிக்கல. அப்பா முன்னால நின்னு ஒரு வார்த்தை, "உடம்பு சொகமா?" அவ்வளவுதான். பட்டையை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, சிந்தாம, சுவரைச் சுத்தி நடந்து பெரியப்பா வீட்டு நடைக்குப் போனாவ. நான் பின்னாலயே போனேன். பெரியம்மைகிட்டச் சொன்னாவ, "ஒங்க கொழுந்தன் வீட்டுக் கஞ்சி. உப்பு பத்தல. ஒரு கல்லு உப்பு போடுங்க." பெரியம்மை பெரியப்பாவைப் பாத்தா. பெரியப்பா கயித்துக் கட்டில்ல படுத்திருந்தவரு மோட்டு வளையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பெரியம்மை உப்பு மரவையைத் தொறந்து ஒரு கல்லு எடுத்துப் போட்டா. மூப்பர் வெரலால கலக்கி, அங்கனயே குத்தவச்சு ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டு, பட்டையைக் கூரையில சொருகி வச்சிட்டுப் போயிட்டாவ. புத்தியும் சொல்லல, வசனமும் சொல்லல.

ராத்திரி எங்கப்பாவுக்குச் சேதி தெரிஞ்சுது. தெரியாம இருக்குமா, நான்லா சொன்னேன். அவருக்கு வந்த கோவத்தைப் பாக்கணும். மூப்பர் மேல இல்ல, அம்மை மேல. "நம்ம வீட்டுக் கஞ்சியில உப்பு இல்லன்னு அங்க போய்ச் சொல்லுத அளவுக்கா வச்ச?" அம்மை சொன்னா, உப்பு சரியாத்தான் இருந்துதுன்னு. அப்பா பானையில தொட்டு நாக்குல வச்சுப் பாத்தாரு. சரியாத்தான் இருந்துது. ரொம்ப நேரம் பானை முன்னாலயே நின்னாரு. மறுநாள் காலையில கோயிலுக்குப் போற வழியில பெரியப்பாகிட்ட, "அண்ணே, உப்பு கரிச்சிருக்குமே நேத்து"ன்னாரு. அதுக்குப் பெரியப்பா, "அந்த மனுசன் எப்படிக் குடிச்சாருன்னே தெரியலடே"ன்னாரு. ரெண்டு வருசத்துக்கப்புறம் பேசின பேச்சு அதான்.

அந்த மூப்பர் செத்தப்போ கல்லறைக்குக் கல்லு வைக்கணும்னு கமிட்டி தீர்மானம் போட்டுது. எந்தக் கல்லுன்னு முடிவாகல, இன்னும் வைக்கல.

ஒனக்கு ஆடு மேய்க்கத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. மேய்ப்பன், மந்தைன்னு வாய் ஓயாமச் சொல்லுதோம், ஆட்டைக் கிட்டத்துல பாத்தது கறிக்கடையிலதான். போன புரட்டாசியில நம்ம புஞ்சையில ஒரு கோனாரு கிடை போட்டாரு. ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுச் சும்மாப் போய் உக்காந்திருந்தேன். எரநூறுக்கு மேல ஆடு. "எத்தனை கோனாரே?"ன்னேன். "எண்ணினது இல்ல"ன்னாரு. அப்பம் ஒண்ணு குறைஞ்சா எப்படித் தெரியும்? "அது நிக்க எடம் காலியா இருக்கும்லா"ன்னாரு. அந்த இருட்டுலயே எந்திரிச்சுப் போய் ஒரு பெட்டையோட மடியைத் தொட்டுப் பாத்துட்டு வந்தாரு. குட்டி போட்டு ரெண்டு நாளாம், ஒரு காம்பு கட்டிக்கிட்டிருக்காம். டார்ச் அடிக்கவான்னு கேட்டேன். வேண்டாம், கலையும்ன்னாரு. அவரு சட்டையில இருந்த மணம் இருக்கே, கமிட்டி ஹால்ல பக்கத்துல உக்கார எவனும் எடம் குடுக்க மாட்டான்.

யாக்கோபு எழுதினதைச் சொல்லுதேன், அப்புறம் நீ போலாம். சீக்காளி மூப்பரைக் கூப்பிடட்டும், அவங்க வந்து எண்ணெய் பூசி ஜெபம் பண்ணட்டும்னு எழுதியிருக்கு. கவனி, கூப்பிடுகது யாரு? சீக்காளி. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு எளைக்கவன் வீட்டுல எவன் பேரு வாயில வருதோ அவன்தான். பொட்டியில ஓட்டு எண்ணுகதெல்லாம் அதுக்கப்புறம். நம்ம தெருவுல ராத்திரி யாரைத் தேடுவாங்க தெரியுமா? பெண்கள் ஐக்கிய சங்கத்துல வெத்தலை போட்டுக்கிட்டு மூலையில இருக்குமே ஒரு ஆச்சி, அதை. கமிட்டியில அதுக்கு எடம் கிடையாது. வேதத்துலயும் இப்படி ஒண்ணு உண்டு. மோசே எழுவது மூப்பரைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டப்போ ரெண்டு பேரு போகாமப் பாளையத்துலயே நின்னுட்டான், எல்தாத், மேதாத். ஆவி அங்க போய் அவனுக மேலயும் எறங்கிட்டு. யோசுவா தடை பண்ணணும்னு நிக்கான். கூட்டத்துக்கு வராதவன் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்லலாம், மினிட்ஸ்ல பேரே இல்லையேன்னு. மோசே, சனம் பூரா அப்படி இருந்தாத் தேவலையேன்னு சொல்லிட்டாரு. அந்த ஆச்சி வெத்தலைச் சாறு துப்பிட்டு வாறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மேதாத் ஞாபகம்தான்.

மிசோரத்துல பிரெஸ்பிட்டேரியன் சபை மூப்பருக்கு உபான்னு பேரு. பேருக்கு முன்னால அதைப் பட்டம் மாதிரிப் போடுவாங்களாம், டாக்டர்னு போடுத மாதிரி. நம்ம ஊருப் பையன் ஒருத்தன் ராணுவத்துல ஐசால்ல இருந்துட்டு வந்து சொன்னான். அவன் அங்க அதிசயமாப் பாத்தது பட்டத்தை இல்ல. சோறு பொங்குத ஒவ்வொரு நேரமும் பொம்பளைக ஒரு பிடி அரிசியைச் சபைக்குன்னு தனியா எடுத்து வைக்காங்களாம். நம்ம கைப்பிடி அரிசிதான். ஒங்கம்மை இன்னிக்கும் வைக்கா, எனக்குத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்துல மூடி இல்லாத பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

மாலைக்குச் சொல்லியாச்சாமே? ஜெயிச்சா ரோசாப்பூ மாலை, ஆளுயரம். போட்டுக்கோ. வெளிப்படுத்தல்ல இருபத்தினாலு மூப்பரு சிங்காசனத்துல இருக்காங்க, வெள்ளை அங்கி, பொன் கிரீடம், எல்லாம் உண்டு. அவங்க அந்தக் கிரீடத்தைக் கழட்டிக் கீழ வைக்காங்க. ஒனக்கு ஆளுயர மாலையைக் கழட்ட ரெண்டு பேரு வேணும், முன்கூட்டியே சொல்லி வச்சுக்கோ.

எந்திரிக்காத, இரு. டீக்கடைக்காரரு என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டியா? "நல்ல பையன், பாக்கி வைக்க மாட்டான்"ன்னாரு. எனக்கு அங்கனயே சிரிப்பு வந்துட்டு. ஏன்னா அலமாரிக்கு மேல இருக்கே அந்தப் பச்சை அட்டைப் புத்தகம், அதை எடு. சபைக்குக் கட்டுத சங்கக் காணிக்கைக்கு ரசீதுப் புத்தகம். நம்ம தெரு பதினோரு வீட்டுக்கு முப்பத்தோரு வருசமா நான்தான் எழுதுதேன். மாசா மாசம் ஒவ்வொரு நடையா ஏறி, தண்ணி குடிச்சு, யாருக்கு என்ன சொகக்கேடுன்னு கேட்டுட்டு வாற வழியில எழுதுகது. ஒன் வீட்டுக்கும் வந்தேன். பெல் வச்சிருக்க, மாதா கோயில் மணி மாதிரி அடிக்கி. ஒவ்வொரு தடவையும் "சார் ஓட்டு கேக்கப் போயிருக்காவ"ன்னு வாட்ச்மேன் சொன்னான்.

திருப்பு. இல்ல, இன்னும் முன்னால. ஆங், அதான். ஒன் பேரு. பதினாலு மாசம் பாக்கி. பாக்கி இருந்தா நிக்கவும் முடியாது, ஓட்டும் கிடையாதுன்னு விதி இருக்கு, நீ பாக்கல போல. கீழ பாரு, ஒங்கம்மை பேருல தனி ரசீது, ஒரு மாசம் தவறல.

பேனா என் சட்டைப் பையில இருக்கு. சில்லறை இருக்கா, இல்ல நாலாயிரத்து எரநூறாவே தருதியா?